ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப்: பட்டை வாங்கும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

ராம் கூட்டவோ எஸ்எஸ்டி மாற்றவோ தூசி தட்டவோ கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தாங்களே திறப்பவர்களிடம் எல்லோரும் முதலில் வாங்கச் சொல்லும் பொருள் ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப், அதாவது உரசலால் உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரம் பாகங்களைத் தாக்காமல் காக்கும் மணிக்கட்டுப் பட்டை. ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இருநூறு, முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதோடு சேர்த்து விற்கும் வயர்லெஸ் பட்டை, மேசை விரிப்பு, பிளக் பாயின்ட் டெஸ்டர் ஆகியவற்றையும் இங்கே பார்க்கலாம். பெரும்பாலும் பெயரில்லாத பொருட்கள்தான் கைக்கு வருகின்றன. அதனால் பிராண்டுகளை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யவேண்டும், செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதை எழுதுகிறோம்.

முதலில் கம்பியுள்ள பட்டை. மணிக்கட்டில் போடும் எலாஸ்டிக் பட்டை, அதன் உட்புறம் தோலைத் தொடும் உலோகத் தகடோ மின்கடத்தும் இழையோ, ஒரு பிரஸ் பட்டன், அதிலிருந்து சுருள் கம்பி, மறுமுனையில் குரோக்கடைல் கிளிப். வெளியே தெரிவது இவ்வளவுதான். பிரஸ் பட்டனை ஒட்டிய பிளாஸ்டிக் உருளைக்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

அந்த ரெசிஸ்டர் ஏன் வேண்டும்? உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் கசிந்து போக 1 மெகா ஓம் ஒரு தடையே இல்லை. மனித உடம்பு, சார்ஜைச் சேர்த்து வைக்கும் ஏறக்குறைய 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி. 1 மெகா ஓம் வழியாக அது காலியாக ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. ஆனால் பட்டை கட்டிய கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தவறிப்போய் கரண்ட் வரும் 230 வோல்ட் பேஸ் கம்பியைத் தொட்டுவிட்டால், அந்தப் பட்டை வழியாக ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர் மட்டுமே. பெரும்பாலானோருக்கு அது உறைக்காது. ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் கம்பியாக இருந்தால் உங்கள் உடம்பு நேராக எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். அப்போது பேஸைத் தொட்டால் கையிலிருந்து கைக்கு, நெஞ்சு வழியாகவே மின்சாரம் பாயும். இதனால்தான் வெறும் ஒயரைக் கையில் சுற்றி கேபினெட்டில் கட்டிக்கொள்ளும் வேலையை யாரும் செய்யக்கூடாது.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை 2 மெகா ஓம் ரேஞ்சில் வைத்து, ஒரு புரோபைப் பட்டையின் உட்புறத் தகட்டிலும் மற்றதைக் கிளிப்பிலும் வையுங்கள். ஏறக்குறைய 1.0 காட்டவேண்டும். 0 காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது குப்பையில் போடுங்கள். ரீடிங்கே வரவில்லை என்றால் கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அறுவது பெரும்பாலும் பிரஸ் பட்டன் பக்கத்தில், கம்பி மடங்கும் இடத்தில்தான். மீட்டரைப் பார்த்தபடியே அந்த இடத்தை லேசாக ஆட்டுங்கள். எண் குதித்தால் அந்தப் பட்டையை நம்பவேண்டாம். விரலால் புரோப் நுனியைத் தொட்டபடி அளந்தால் உங்கள் உடம்பின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துகொண்டு கணக்கு மாறிவிடும்.

பட்டை நன்றாக இருந்தும் வேலை செய்யாமல் போக இரண்டு காரணங்கள். ஒன்று, எலாஸ்டிக் தளர்ந்து தகடு தோலைத் தொடாமல் இருப்பது, அல்லது சட்டைக் கைக்கு மேலேயே கட்டியிருப்பது. இரண்டாவது, கிளிப்பை பெயின்ட் மேல் மாட்டுவது. இப்போதைய கேபினெட்டுகள் பெரும்பாலும் உள்ளும் புறமும் பவுடர் கோட்டிங் செய்தே வருகின்றன. அந்தக் கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கிளிப்பின் பற்கள் பூச்சைக் கீறி உள்ளே இறங்கும் என்று நினைத்துக்கொள்வது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி) கேபினெட்டோடு இணைக்கும் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்றின் தலையோ, பின்பக்கம் கார்டு செருகும் இடத்துப் பளபளப்பான பட்டைத் தகடோ கிளிப்புக்குச் சரியான இடம்.

வயர்லெஸ் பட்டை வாங்கவே வேண்டாம். அதற்கு நட்சத்திரம் கொடுக்கக்கூட இடமில்லை. ஸ்டாட்டிக் சார்ஜ் உடம்பை விட்டுப் போக ஒரு வழி வேண்டும். கம்பி இல்லாமல் அந்த வழியே இல்லை. பட்டையில் சிறு திருகு வைத்து, காற்றிலேயே சார்ஜ் கரைந்துவிடும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். உடம்பிலிருக்கும் சில ஆயிரம் வோல்ட்டைத் தீர்க்க அது போதாது. பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும் கொடுத்து, கேபினெட்டைத் தொட்டுக்கொள்ளும் நல்ல பழக்கத்தையும் கெடுத்துவிடுகிறது.

ஸ்டாட்டிக் ஆபத்து எவ்வளவு பெரியது? நம் விரல் நுனியில் 'சுருக்'கென்று உணரவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். அதற்கு மிகக் குறைவான, சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகும் சிப்கள் உண்டு. உடனே செத்துப்போகாமல் அடிவாங்கி, சில மாதம் கழித்துக் காரணமே தெரியாமல் ஹேங் ஆகும் சர்க்யூட் பலகைகளும் உண்டு. ஆனால் கடலோர ஊர்களில், வியர்க்கும் மே மாதத்தில், மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று ராம் மாற்றுபவருக்கு ஸ்டாட்டிக் பெரிதாகச் சேராது. காற்றின் ஈரமும் தரையும் சேர்ந்து அதை இறக்கிவிடும். ஏசி அறையில், பாலியஸ்டர் உடையில், ரப்பர் செருப்போடு சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் இருந்து எழுந்து வருபவர், மலையூர்களில் ஜனவரி, பிப்ரவரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்பவர் ஆகியோருக்குப் பட்டை கட்டாயம் வேண்டும்.

அதே வெறுங்கால்தான் இன்னொரு பக்கம் ஆபத்து. ஸ்டாட்டிக்கை இறக்கும் தரை, ஷாக் அடித்தால் அதையும் இறக்கும். ரப்பர் செருப்பு போட்டால் ஷாக்குக்கு நல்லது, ஸ்டாட்டிக்குக்குக் கெடுதல். பிளக்கை முழுவதும் பிடுங்கிவிட்டுப் பட்டை கட்டினால் இந்த இழுபறி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பது ஒரு பொருட்டில்லை.

'எர்த் வேண்டுமே, பிளக்கைச் செருகி வைத்து, ஸ்விட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாதா?' என்று பலர் கேட்பார்கள். போதாது. நம் வீட்டுச் சுவர் ஸ்விட்ச் பேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டுகிறது. ஒயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் வாசல்வரை 230 வோல்ட் வந்து நிற்கும். இப்படி மாறிய பாயின்ட்டுகள் பழைய வீடுகளில் சர்வசாதாரணம். உதிரிப்பாகங்களைக் காப்பாற்ற பூமியே தேவையில்லை. உங்கள் உடம்பும் கேபினெட்டும் மதர்போர்டும் ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் போதும். பிளக் பிடுங்கிய கேபினெட்டில் பட்டையை மாட்டினாலே அது கிடைத்துவிடுகிறது.

யுபிஎஸ்ஸோடு இணைந்திருந்தால் யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பயனில்லை. பேட்டரியிலிருந்து அது தொடர்ந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருக்கும் பவர் கார்டையே உருவவேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கும் இதே விதிதான். 'கரண்ட் போயிருக்கிறது, இப்போது திறந்தால் பயமில்லை' என்று யாரும் நினைக்கவேண்டாம்.

வேலையின் வரிசை இது. ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப்பில் போட்டால் போதாது. எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை ஆஃப் செய்து, பவர் கார்டை உருவுங்கள். பிறகு மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் விட்டுவிடுபவர்கள் அதிகம். மானிட்டரின் கசிவு மின்சாரம் அந்தக் கேபிளின் உறை வழியாகவே கேபினெட்டுக்கு வரும். அடுத்து பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில நேரம் ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நிற்கும்; மதர்போர்டில் எரியும் சின்ன விளக்கு மங்கி அணையும். அது அணைந்த பிறகே ராமையோ கார்டையோ தொடவேண்டும். ஷட்டவுன் ஆன கம்ப்யூட்டரிலும் பிளக் இருக்கும்வரை மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரின் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் ஸ்டான்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது ராமை உருவினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ராமோ ஸ்லாட்டோ போய்விடலாம்.

மோதிரம், வளையல், உலோக வாட்ச் பட்டை எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் அல்லது புடவைக்குள் செருகி, குனியும்போது வெளியே தொங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்கவேண்டாம். 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வழியில் 50 ஆம்பியருக்கு மேல் வரும். ஓடும் கம்ப்யூட்டரில் மோதிரம் அதை ஷார்ட் செய்தால் ஷாக் அடிக்காது, விரல் வெந்துவிடும். அதேபோல, ஓடும் மெஷினில் வோல்ட்டேஜ் அளக்கும்போது ரிஸ்ட் ஸ்ட்ராப் கையில் இருக்கக்கூடாது. பவர் கார்டைத் திரும்பச் செருகும் முன் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

இனி பிளக் பாயின்ட்டுக்கு வருவோம். எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் தொட்டால் மெல்லிய அதிர்வு போல உணர்வோம். 'லேசா கரண்ட் அடிக்குது' என்று பல வீடுகளில் அதற்குப் பழகியே போய்விட்டார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து அதன் உலோகப் பெட்டிக்கு ஒரு கெப்பாசிட்டரும் நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்றும் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் கசிவு அதில் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்ட்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். 4.7 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக வரக்கூடியது 0.34 மில்லி ஆம்பியர்தான். ஆளைக் கொல்லாது. ஆனால் மானிட்டர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றின் கசிவும் சேரும். எர்த் இல்லாத வீட்டில் ஓடும் நிலையிலேயே எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது அந்த வோல்ட்டேஜ் போர்ட்டின் சிக்னல் பின்கள் வழியாக வடிந்து போர்ட்டே செத்துப்போவதும் உண்டு. உள்ளே காப்பு உடைந்து பேஸ் நேராகக் கேபினெட்டில் ஒட்டிக்கொண்டால், எர்த் உள்ள வீட்டில் ஃபியூஸோ எம்சிபியோ (அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் விழும் ஸ்விட்ச்) உடனே விழும். எர்த் இல்லாத வீட்டில் ஒன்றுமே விழாது. அடுத்து தொடுபவர்தான் எர்த் ஆவார்.

எர்த் எங்கே அறுகிறது என்று தேடினால் பெரும்பாலும் சுவருக்கு வெளியேதான். மூன்று ஓட்டை இருக்கும் மலிவு விலை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் பல, உள்ளே இரண்டு கம்பியோடு வருகின்றன. எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர், எர்த் பின் வெட்டப்பட்ட பிளக் ஆகியவையும் இதே ரகம். இவற்றைக் கண்டுபிடிக்கக் கரண்டே வேண்டாம். எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரின் பவர் கார்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பிளக்கின் மேலே இருக்கும் பெரிய பின்னில் ஒரு புரோப், எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூவில் இன்னொன்று. பீப் வரவேண்டும், 1 ஓமுக்குக் கீழே காட்டவேண்டும். வராவிட்டால் பவர் கார்டைத் தனியாக, பாக்ஸைத் தனியாகச் சோதியுங்கள். குற்றவாளி ஐந்து நிமிடத்தில் அகப்பட்டுவிடும்.

அடுத்து சுவர் பாயின்ட். இதற்காக விற்கும் மூன்று விளக்கு டெஸ்டரைச் செருகினால் பேஸ், நியூட்ரல் மாறியிருப்பதையும் எர்த் அறுந்திருப்பதையும் காட்டும். அந்த வரை நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் இரண்டு விஷயம் அதற்குத் தெரியாது. எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, சுவர் பாக்ஸுக்குள்ளேயே இரண்டையும் ஒன்றாக முடிந்திருந்தாலோ 'சரி' என்றே விளக்கு எரியும். எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் டெர்மினலுக்குக் கொடுக்கும் வேலை நடக்கத்தான் செய்கிறது. அங்கே நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுவதும் 230 வோல்ட். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேஸ் இருக்கிறதா என்பதைத் தவிர எர்த் பற்றி அது எதுவும் சொல்லாது.

மல்டிமீட்டர் இன்னும் கொஞ்சம் விவரம் தரும். காட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் ஓட்டையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது சுவர் பாயின்ட்டில் வைத்தால் அது நேர் ஷார்ட். மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கும். ஏசி வோல்ட் ரேஞ்சில், எர்த் ஓட்டை மேலே இருக்க நேராகப் பார்த்தால், வலப்பக்கம் பேஸ். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐ ஒட்டி வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். அங்கே 70, 110 என்று ஏதோ ஒரு எண் தள்ளாடினால் எர்த் கம்பி எங்கும் சேராமல் சும்மா கிடக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் மோட்டாரும் ஏசியும் ஓடும்போதும் அது துல்லியமாக 0 என்றே நின்றால் மேலே சொன்ன எர்த்-நியூட்ரல் முடிச்சைச் சந்தேகிக்கவேண்டும்.

மீட்டர் சரியென்று சொன்னாலும் எர்த் பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகச் சொற்பம். துருப்பிடித்த ஒற்றை இழை எர்த்தும் அதனிடம் 230 காட்டிவிடும். எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்ப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். பல்ப் மங்கினால் எர்த் பலவீனம். ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) உள்ள வீட்டில் பல்ப் எரியாமல் அது விழும். எர்த் இருக்கிறது, ஆர்சிசிபியும் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சோதனையை நீங்கள் செய்யவேண்டாம், அவரிடம் விடுங்கள். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி என்றால், கோடையில் காய்ந்து அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். புனல் வழியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் சரியாகவே சொல்கிறார்கள்.

மேசை விரிப்பு பற்றிச் சுருக்கமாக. நீலமோ பச்சையோ மேல்பக்கம், கறுப்பு அடிப்பக்கம் கொண்ட இரண்டு அடுக்கு ரப்பர் விரிப்புதான் உண்மையானது. எர்த் கம்பி மாட்ட பிரஸ் பட்டன் இருக்கவேண்டும். பட்டன் இல்லாத சிலிகான் விரிப்பு ஸ்க்ரூ உருளாமல் இருக்க உதவும், அவ்வளவே. வாரத்துக்கு நான்கு மெஷின் திறக்கும் சர்வீஸ் ஆட்களுக்கு விரிப்பு தேவை. வருஷத்துக்கு ஒருமுறை திறப்பவர் மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தால் போதும். வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து மட்டும் கரண்ட் கொடுக்காதீர்கள். அந்தப் பையில் உலோகப் படலம் இருக்கிறது.

தூசிக்குப் பலரும் ப்ளோவர் வாங்குகிறார்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுழலவிட்டால் ஃபேனே ஜெனரேட்டர் ஆகி மதர்போர்டுக்குள் வோல்ட்டேஜ் அனுப்பும், பேரிங்கும் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் குழாய் முனையில் காற்று உரசியே ஸ்டாட்டிக் சேரும்.

எந்தப் பட்டையும் விரிப்பும் காப்பாற்றாத இடம் எஸ்எம்பிஎஸ்ஸின் உட்புறம். அதன் பெரிய கெப்பாசிட்டர் 320 முதல் 400 வோல்ட் டிசி வரை பிடித்து வைத்திருக்கும். 390 மைக்ரோ ஃபாரட், 390 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 30 ஜூல். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் பிளக்கைப் பிடுங்கி பவர் பட்டனை அழுத்தும்போது ஸ்டான்ட்பை சர்க்யூட் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த சர்க்யூட்டும் செத்திருக்கும். காலி செய்ய ஆளில்லாமல் சார்ஜ் அப்படியே நிற்கலாம். மக்கள் ஸ்க்ரூ கழற்றிப் பார்ப்பதோ செத்துப்போனதைத்தான். ஃபேனில் எண்ணெய் விடக்கூட அதைத் திறக்காதீர்கள். ஆர்சிசிபி இங்கே உதவாது. கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே உங்கள் விரல் இருக்கும்போது சுவர் வழியாக எந்தக் கசிவும் போவதில்லை. அது விழக் காரணமே இருக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வேறு மாட்டுவதில் அந்த ஆபத்து இல்லை. கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் வகை என்றால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். கனெக்டர் அழகாகப் பொருந்தும்; 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் அதிலிருந்த படங்களும் ஒரே நொடியில் போய்விடும்.

வாங்கும் வரிசையைக் கேட்டால்: முதலில் மல்டிமீட்டர், பிறகு நல்ல எர்த் கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூன்றாவதாக 1 மெகா ஓம் காட்டும் கம்பியுள்ள பட்டை. பட்டை கைக்கு வரும்வரை, பிளக் பிடுங்கிய கேபினெட்டின் எஸ்எம்பிஎஸ் உடலில் இடது முன்கையைச் சாய்த்தபடியே வேலை செய்யலாம். கையை எடுத்துவிட்டுத் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் பாகத்துக்கு முன்னால் அந்த உலோகத்தைத் தொடவேண்டும்.